லட்லோ: ஓர் ஆங்கிலேயச் சந்தை ஊர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லட்லோ எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில். டீம், கார்வ் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு மேடு, அதன் மேல் ஊர். மக்கள்தொகை 10,000 சொச்சம்தான். ஆனால் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடங்கள் மட்டும் ஏறக்குறைய 500. இருபது பேருக்கு ஒரு பழங்கட்டடம் என்ற கணக்கு.

‘சந்தை ஊர்’ என்றால் சந்தை கூடும் ஊர், அவ்வளவுதானா?

இல்லை. இடைக்கால இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் சந்தை கூட்ட முடியாது. அரசரின் சாசனம் வேண்டும், அல்லது நெடுங்கால வழக்கத்தால் வந்த உரிமை வேண்டும். சந்தை என்பது வாரந்தோறும் கூடுவது; ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பல நாள் நடக்கும் பெருஞ்சந்தைக்கு உரிமை வேறு.

ஒரு சந்தைக்கு 6⅔ மைலுக்குள் இன்னொரு சந்தை வந்தால், பழைய சந்தைக்காரர் வழக்குப் போடலாம். இந்த விசித்திரமான பின்னத்துக்கு 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிராக்டன் சொன்ன கணக்கு இது: ஒருவர் ஒரு நாளில் நடக்கக்கூடியது 20 மைல். அந்த நாளை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு போக, ஒரு பங்கு விற்க வாங்க, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. இருபதில் மூன்றில் ஒரு பங்கு 6⅔. இங்கிலாந்து வரைபடத்தில் பழைய சந்தை ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்டியே நிற்பதற்கு இந்த நடைதூரக் கணக்கும் ஒரு காரணம்.

சந்தைத் தகராறுகளை அன்றன்றே தீர்க்க ‘பைபவுடர்’ நீதிமன்றங்கள் இருந்தன. புழுதிக்கால் என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். வெளியூர் வியாபாரி கால் புழுதியைத் தட்டுவதற்குள் தீர்ப்புக் கிடைத்துவிடும் என்பார்கள்.

இன்றும் சந்தை கூடுகிறதா?

கூடுகிறது. திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நான்கு நாளும் கோட்டை வாசலுக்கு எதிரே உள்ள கேசில் சதுக்கத்தில். நடத்துவது ஊர் மன்றம். காய்கறி, பூச்செடி, ரொட்டி, பாலாடைக்கட்டி, பழைய புத்தகம், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் உண்டு. மற்ற சில நாள்களில் உள்ளூர் விளைபொருள் சந்தையும் பழம்பொருள் சந்தையும் வருகின்றன. அவை மாதத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே, ஆகவே தேதி பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். செவ்வாய்க்கிழமை வந்து வெறும் சதுக்கத்தைப் பார்த்துத் திரும்புவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. காலை பத்து மணிக்கு வந்தால் எல்லாம் இருக்கும். மூன்றரைக்கு மேல் கடைகளைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தச் சதுக்கமே ஒரு வகையில் மீட்கப்பட்ட இடம். விக்டோரியா காலத்தில் இங்கே நடுவில் பெரிய செங்கல் ஊர்மண்டபம் ஒன்றைக் கட்டினார்கள். அது 1986இல் இடிக்கப்பட்டது. பழமைக்குப் பெயர் போன ஊரில் இடித்ததால் நன்மை விளைந்த அரிய சம்பவம் அது: மண்டபம் போனதும் சந்தைக்கு வானம் திரும்பக் கிடைத்தது.

சதுக்கத்தைத் தாண்டினால் தெரு ஏன் திடீரென்று சந்துகளாகிவிடுகிறது?

ஊரின் மிகச் சுவையான பகுதி இதுதான். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

முதலில் கோட்டை வாசலிலிருந்து கிழக்கே புல் ரிங் என்ற கால்நடைச் சந்தைவெளி வரை ஒரே அகலமான தெரு இருந்தது. அதன் நடுவே வரிசை வரிசையாகத் தற்காலிகக் கடைகள். மாலையில் பிரித்துவிட்டுப் போக வேண்டியவை. ஒருவர் கம்பத்தை நட்டார், இன்னொருவர் கூரை போட்டார், மூன்றாமவர் மேலே அறை கட்டினார். காலப்போக்கில் அந்த வரிசைகள் நிரந்தரக் கட்டடங்களாகிவிட்டன. இன்றைய கிங் தெரு, மார்க்கெட் தெரு, ஹார்ப் சந்து, சர்ச் தெரு ஆகியவை அந்தக் கடை வரிசைகளுக்கு இடையே மிச்சமிருந்த நடைவழிகள். ஆக்கிரமிப்பு என்பது இந்தக் காலத்து நோய் என்று நினைப்பவர்கள் ஹார்ப் சந்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இந்த நடுப்பகுதிக் கடைகளுக்குப் பின்கட்டு கிடையாது, நான்கு பக்கமும் தெருதான். ஆனால் பிராட் தெருவிலும் மில் தெருவிலும் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் நீண்ட தோட்டம் ஓடும். முன்னது சந்தையில் முளைத்தது, பின்னது திட்டமிட்டு அளந்து கொடுத்தது. அந்த மனைகளுக்கு பர்கேஜ் என்று பெயர். தெருவை நோக்கிய முகப்பு குறுகலாக, பின்புறம் நீளமாக இருக்கும். 16½ அடி கொண்ட பெர்ச் என்ற கோலால் அளந்தார்கள். இரண்டு கோல், அதாவது 33 அடி, வழக்கமான அகலம். எல்லோருக்கும் தெருவோரம் வேண்டும் என்பதால்தான் இந்த வடிவம். முன்னால் கடை, மேலே வீடு, பின்னால் பட்டறை, அதற்கும் பின்னால் பன்றிக் கொட்டிலும் கீரைப் பாத்தியும்.

வீடுகள் செங்கலா, மரமா?

பல வீடுகளில் இரண்டும். வெளியே 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் முகப்பு, உள்ளே அதைவிட ஒன்றிரண்டு நூற்றாண்டு மூத்த ஓக் மரச்சட்டம். நாகரிகம் மாறியபோது வீட்டை இடித்துக் கட்டப் பணம் இல்லாதவர்கள் முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கண்டுபிடிப்பது எளிது: முகப்பைப் பார்க்காமல் பக்கச் சந்துக்குள் போய்ப் பாருங்கள். செங்கல் ஓரடியில் முடிந்து மரச்சட்டமும் பூச்சும் தொடங்கினால் விஷயம் புரிந்துவிடும். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் கூரை மிகச் செங்குத்தாக எழும்பினாலும் அதே கதைதான்.

மரத்தை மறைக்காமல் காட்டும் வீட்டுக்கு உதாரணம் 1619இல் உருவான ஃபெதர்ஸ் விடுதியின் முகப்பு. புல் ரிங்கில் இருக்கிறது. எதிர்ப்புறம் நின்று பார்த்தால்தான் செதுக்கு வேலை முழுவதும் கண்ணில் படும்.

கோட்டையில் என்ன பார்க்கலாம்?

11ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் டி லேசி என்ற நார்மன் குடும்பம் தொடங்கிய கல் கோட்டை. வேல்ஸ் மக்களை அடக்கிவைப்பதுதான் நோக்கம். உள்முற்றத்தில் வட்டமான தேவாலயம் ஒன்று நிற்கிறது. இங்கிலாந்தில் வட்ட வடிவத் தேவாலயங்கள் மிகக் குறைவு. கூரை போய்விட்டாலும் உட்சுவரைச் சுற்றி ஓடும் வளைவு வரிசை அப்படியே இருக்கிறது. வெளிமுற்றத்தில் எல்லைப்புறப் பிரபு ரோஜர் மார்ட்டிமர் கட்டிய சிற்றாலயத்தின் எச்சம் உண்டு. 1323இல் லண்டன் டவர் சிறையிலிருந்து அவர் தப்பியதற்கு நன்றிக்கடன்.

எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர் இங்கேதான் இறந்தார். அராகன் இளவரசி கேத்தரினை மணந்து ஐந்து மாதம்கூட முடியவில்லை. 1502 ஏப்ரல் 2 அன்று, 15 வயதில். அண்ணன் மனைவியைத் தம்பி மணந்ததும், பிறகு அந்தத் திருமணத்தை ரத்துசெய்ய ரோமாபுரியோடு உறவையே முறித்ததும் நாடறிந்த வரலாறு.

1473 வாக்கில் உருவான எல்லைப்புறப் பேரவை வேல்ஸையும் எல்லை மாவட்டங்களையும் இந்தக் கோட்டையிலிருந்து நிர்வகித்தது. வழக்கறிஞர்கள், எழுத்தர்கள், வழக்காடிகள் என்று ஊர் நிரம்பி வழிந்தது. ஆங்கிலக் கவிஞர் மில்டன் எழுதிய ‘கோமஸ்’ நாடகம் 1634 செப்டம்பர் 29 அன்று முதலில் அரங்கேறியது இங்கேதான், பேரவைத் தலைவருக்காக. 1689இல் பேரவை கலைக்கப்பட்டது. கூரை ஈயத்தைப் பெயர்த்துப் போனபின் மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

படிகள் குறுகலானவை, சுழல்பவை. மேலிருந்து இறங்குபவருக்கு வழிவிடாமல் ஏறாதீர்கள், நடுவில் ஒதுங்க இடமில்லை. குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் குறையும்.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இனிமையானது அல்ல. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1774 முதல் 1794 வரை லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநர். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது (1799 அக்டோபர் 16), மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது (1801 அக்டோபர் 24), பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானது எல்லாம் இவர் ஆட்சிக்காலத்தில்தான்.

ஊர் திரும்பி போவிஸ் பிரபு ஆனவர், 1811இல் லட்லோ கோட்டையின் இடிபாடுகளை அரசிடமிருந்து 1,560 பவுண்டுக்கு வாங்கினார். அங்கே ஒரு கோட்டை அடையாளம் தெரியாமல் போனது. இங்கே ஒரு பாழடைந்த கோட்டை பத்திரமானது. கோட்டை இன்றும் போவிஸ் குடும்ப எஸ்டேட்டின் உடைமை. நுழைவுக் கட்டணம் கட்டும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். திப்பு சுல்தானின் கூடாரம் உள்ளிட்ட கிளைவ் குடும்பச் சேகரிப்பு இங்கே இல்லை. அது வேல்ஸில், வெல்ஷ்பூலுக்கு அருகே போவிஸ் கோட்டையில் இருக்கிறது.

புனித லாரன்ஸ் ஆலயத்தில் எதைத் தவறவிடக் கூடாது?

கோபுரம் 135 அடி. ஏறலாம், முழங்கால் ஒத்துழைத்தால். ஆனால் நேரம் குறைவென்றால் கோபுரத்தை விட்டுவிட்டு பாடகர் இருக்கைகளைப் பாருங்கள். நீண்ட வழிபாட்டில் நின்றபடியே சாய்ந்துகொள்ள மடக்குப் பலகையின் அடியில் ஒரு சிறு தாங்கி வைப்பார்கள், அதற்கு மிசெரிகார்ட் என்று பெயர். இங்கே 28 உள்ளன. உட்காரும் உடல்பாகத்துக்குக் கீழே வருவது என்பதாலோ என்னவோ, தச்சர்கள் அதில் சாமி சிற்பம் செதுக்காமல் ஊர் வம்பைச் செதுக்கினார்கள்.

ஒன்றில் அளவில் ஏமாற்றிய மதுக்கடைக்காரி. தலையில் கொம்பு வைத்த நாகரிகத் தலைப்பாகை, கையில் கள்ளக் குவளை, உடம்பில் துணியில்லை. ஒரு பேய் அவளைத் தலைகீழாகத் தோளில் தூக்கி நரகத்தின் வாய்க்குக் கொண்டுபோகிறது. ஒரு பேய் அவள் பாவப் பட்டியலை வாசிக்கிறது, இன்னொன்று பைக்குழல் ஊதி வரவேற்கிறது. சந்தை ஊரில் எடைக்கல்லும் படியும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வடக்குப் புற வெளிச்சுவரில் கவிஞர் ஏ. ஈ. ஹவுஸ்மனின் நினைவுப் பலகை. 1936இல் இறந்த அவரது அஸ்தி அங்கே இருக்கிறது.

இவ்வளவு பழமை எப்படித் தப்பியது?

பணம் வந்த காலமும் வராத காலமும் சரியாக அமைந்ததால். 13ஆம் நூற்றாண்டில் கம்பளி. லட்லோவின் லாரன்ஸ் என்ற வணிகர் அந்தப் பணத்தில்தான் 11 கிலோமீட்டர் தொலைவில் ஸ்டோக்சே மாளிகையைக் கட்டினார்; 1294இல் கம்பளியோடு கடலில் மூழ்கி இறந்தார். ஆற்றோரம் நெய்த கம்பளித் துணியை மிதித்து இறுக்கும் ஆலைகள் ஓடின. பிறகு பேரவை கொண்டுவந்த செல்வம். அதன்பின் 18ஆம் நூற்றாண்டில் நிலக்கிழார்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் ஊர். செங்கல் முகப்புகள் அப்போது வந்தவை. கடைசியாகக் கையுறைத் தொழில். 1826இல் வெளிநாட்டுக் கையுறைக்கு இருந்த தடை நீங்கியதும் அதுவும் படுத்தது.

பெருந்தொழில் வரவே இல்லை. மான்செஸ்டர் போலவோ பர்மிங்ஹாம் போலவோ பழையதை இடித்து ஆலை கட்ட ஆளில்லை. அழகுணர்ச்சியால் காப்பாற்றப்பட்ட ஊர் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். இடிக்க வசதியில்லாமல் தப்பிய ஊர் என்பதே உண்மைக்கு நெருக்கம். பாதுகாப்புச் சட்டங்கள் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து.

உணவுக்குப் பெயர்பெற்றது எப்படி?

2000 வாக்கில் இந்தச் சிறிய ஊரில் மூன்று உணவகங்கள், சமையல் தரத்துக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரம் வைத்திருந்தன. இன்று அந்த மூன்றும் இங்கே இல்லை. அவற்றில் ஒன்றான ஹைபிஸ்கஸ் 2007இல் லண்டனுக்கே போய்விட்டது. நட்சத்திரம் போனபின் ஊர் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஒன்றை மறந்தார்கள்: சமையல்காரர்கள் வந்ததற்கே காரணம் இங்கிருந்த இறைச்சிக்கடைகளும் பேக்கரிகளும் சுற்றுவட்டாரப் பண்ணைகளும்தான். அவை எங்கும் போகவில்லை.

1995இல் தொடங்கிய உணவுத் திருவிழா செப்டம்பரில் கோட்டைக்குள் நடக்கிறது. அதில் சாசேஜ் நடை பிரபலம்: ஊரின் இறைச்சிக்கடைகள் ஆளுக்கொரு புது சாசேஜ் செய்ய, மக்கள் கடை கடையாக நடந்து ருசித்து வாக்களிப்பார்கள். அவசரமில்லா வாழ்வை வலியுறுத்தும் ‘சிட்டாஸ்லோ’ இயக்கத்தில் பிரிட்டனிலிருந்து முதலில் சேர்ந்த ஊரும் இதுவே, 2003இல்.

பெரிய சூப்பர்மார்க்கெட் இல்லையா?

இருக்கிறது. கார்வ் தெருவில் டெஸ்கோ, 2000இல் திறந்தது. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு, பின்னால் தெரியும் குன்றுகளின் வளைவை ஒத்த கூரையோடு கட்டினார்கள்.

சைவர்கள் என்ன சாப்பிடுவது?

ரொட்டி, பழம், காய்கறி, கேக் ஆகியவற்றுக்குக் குறைவில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஃபிட்ஜெட் பை என்ற அடுமனைப் பண்டம் ஆப்பிள் போட்டது என்று கேட்டதும் வாங்கிவிடாதீர்கள். ஆப்பிளோடு பன்றி இறைச்சியும் இருக்கும். அடுத்தது பாலாடைக்கட்டி. மரபான வகைகள் பலவற்றில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். ‘வெஜிடேரியன் ரென்னெட்டா?’ என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்வார்கள், தினமும் கேட்கப்படும் கேள்விதான். ஆரஞ்சு நிற ஷ்ராப்ஷயர் ப்ளூ இந்த மாவட்டத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம்: 1970களில் அது பிறந்தது ஸ்காட்லாந்தில்.

எப்படிப் போவது? ஒரு நாள் போதுமா?

மான்செஸ்டருக்கும் கார்டிஃபுக்கும் இடையே ஓடும் ரயில்கள் லட்லோவில் நிற்கும். ஷ்ரூஸ்பரியிலிருந்தும் ஹெரஃபர்டிலிருந்தும் ஏறக்குறைய அரை மணி நேரம். லண்டனிலிருந்து நேரடி ரயில் இல்லை. யூஸ்டனில் ஏறி க்ரூவில் மாறலாம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலையத்திலிருந்து சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை, மேட்டில். காரில் வந்தால் சனிக்கிழமை ஊருக்குள் இடம் தேடி அலையாமல் வெளிப்புற நிறுத்தத்தில் விட்டுப் பேருந்தில் வருவது உத்தமம்.

ஒரு நாள் போதும். இந்த வரிசையில் நடந்தால் ஏற்றம் ஒரே ஒருமுறை கடைசியில் வரும்: புல் ரிங், கிங் தெரு, ஆலயம், சந்தை, கோட்டை. கோட்டைச் சுவரை ஒட்டி இறங்கி டினம் பாலம். ஆற்றைக் கடந்து இடப்பக்கம் பிரெட் வாக் என்ற கரையோரப் பாதை. கூலியைக் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று பாதை போட்டவர்களுக்கு ரொட்டியாகக் கொடுத்ததால் அந்தப் பெயர் என்பார்கள். மறுமுனையில் லட்ஃபோர்ட் பாலம். அதைக் கடந்து மேலேறினால் ஏழு ஊர்வாசல்களில் மிஞ்சிய ஒரே வாசலான பிராட்கேட், அதற்குள் நுழைந்தால் பிராட் தெரு. இந்தத் தெருவைக் கீழிருந்து மேலே பார்த்தபடி ஏறுவதுதான் முறை. மழைக்குப் பின் பிரெட் வாக் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு வேண்டும்.

லட்ஃபோர்ட் பாலத்தருகே சாலையோரப் பாறையில் சில சென்டிமீட்டர் கனத்தில் ‘எலும்புப் படுகை’ என்ற புதைபடிவ அடுக்கு ஓடுகிறது. வயது சுமார் 42 கோடி ஆண்டு. நிலவியலில் ‘லட்லோ காலம்’ என்று ஒரு காலகட்டமே இந்த ஊர்ப் பெயரில் உண்டு. பாதுகாக்கப்பட்ட இடம், சுத்தியல் கூடாது.

பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழைய வீடு ஒன்றை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கீழ்க்கண்டவை தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பாதுகாப்பு முகப்புக்கு மட்டும் அல்ல. படிக்கட்டு, கதவு, உட்சுவர், 1948 ஜூலை 1க்கு முன் மனைக்குள் கட்டிய கொட்டகை வரை அடங்கும். கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் உள்ளாட்சியின் முன் அனுமதி தேவை. விண்ணப்பக் கட்டணம் இல்லை, முடிவுக்கு வழக்கமாக எட்டு வாரம். அனுமதியில்லாமல் செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மீறலைச் சரிசெய்யும் உத்தரவு உங்கள் தலையிலும் விழலாம், ஆகவே வாங்குமுன் பழைய அனுமதிகளையும் வீட்டின் இன்றைய நிலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் நாசம் சிமெண்டால் வருவது. மரச்சட்டச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புக் காரை வழியாக மூச்சுவிட்டு உலரும். விரிசலை அடைக்கிறேன் என்று சிமெண்ட் பூசினால் மரம் அசையும்போது பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும், அதன் வழியே நீர் இறங்கும், வெளியேற வழியிருக்காது. வெளியே பூச்சு புத்தம்புதிதாக இருக்க, உள்ளே ஓக் உத்தரத்தின் அடிப்பகுதி கையால் நுள்ளினால் உதிரும். செங்கலிலும் இதேதான்: கடினமான சிமெண்ட் இணைப்பு அப்படியே நிற்க, மென்மையான பழைய செங்கலின் முகம் உறைபனியில் செதில் செதிலாகக் கழன்றுவிடும். இணைப்பு செங்கலைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது விதி.

பிளாஸ்டிக் சட்ட ஜன்னலுக்கு அனுமதி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்கு உட்புறமாக இரண்டாம் கண்ணாடி பொருத்தலாம். தெருச்சத்தமும் குறைய வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

சந்தையில் உணவுக் கடை போட என்ன வேண்டும்?

வியாபாரம் தொடங்க 28 நாளுக்கு முன் உள்ளாட்சியில் உணவுத் தொழிலாகப் பதிவு, அது இலவசம். பொதுப் பொறுப்புக் காப்பீடு. குளிர்ந்த உணவு 8 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, சூடான உணவு 63 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒவ்வாமைப் பொருள்கள் 14க்கும் விவரம் தயாராக இருக்க வேண்டும். முன்கூட்டியே பொட்டலம் கட்டி விற்றால் 2021 அக்டோபர் முதல் முழுச் சேர்மானமும் மேலே அச்சிட்டிருக்க வேண்டும். காற்றுக்கு எடை கட்டாத கூடாரம் மேட்டு ஊரில் பறந்துவிடும்.

இடிந்து விழும் ஆபத்து உண்டா?

அவ்வப்போது நடக்கிறது. 2007 ஜூன் வெள்ளத்தில் கார்வ் ஆற்றின் பர்வே பாலம் இடிந்தது. 2013 பிப்ரவரியில் ஆலயத்துக்குப் பின்னால் ஊர்மதிலின் ஒரு துண்டு சரிந்தது. பாலத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். மதில் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 13ஆம் நூற்றாண்டு மதிலைப் பழுதுபார்க்க யார் பணம் தருவது என்பது 13ஆம் நூற்றாண்டிலும் சுலபமான கேள்வியாக இருந்திருக்காது. தடுப்பு வைத்த இடங்களைத் தாண்டாதீர்கள்.

மழை பிடித்துக்கொண்டால்?

பிராட் தெருவின் உச்சியில் பட்டர்கிராஸ் தூண்களுக்கு அடியில் ஒதுங்குங்கள். 1746இல் முடிந்த கட்டடம். வெண்ணெய் விற்க வந்தவர்கள் நின்றது அந்தக் கீழ்த்தளத்தில்தான். மாடியில் ஊர் அருங்காட்சியகம் இருக்கிறது, திறந்திருந்தால் அரை மணி நேரம் போய்விடும்.